காது பாதி, கண் பாதி

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஒரகடத்துல இருக்கீங்க, ஆட்டோமேஷன் பத்தி அரை மணி நேரம் பேசுங்களேன்" என்றார். ஆட்டோமேஷன் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்த அரங்கிலேயே இருபது பேராவது உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நாம் காதால் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதில் கண்ணுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகிற சாலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வல்லம், ஒரகடம் என்று வரிசையாகச் சிப்காட் வளாகங்கள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என்று அங்கே செய்யாத பொருள் குறைவு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் கால்வாசிப் பேராவது அந்தச் சாலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே போனவர்களாக இருப்பீர்கள். நான் பத்து வருடத்துக்கு மேலாகப் பிரஸ் ஷாப் பக்கத்தில் இருக்கிறேன். தகடு உள்ளே போகும், அச்சு இறங்கும், கதவாகவோ கூரையாகவோ வெளியே வரும். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். சத்த மீட்டரைக் கையில் பிடித்தால் 95 டெசிபலைத் தொடுவது அங்கே சாதாரணம்.

சாதாரணமாக நாம் ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசுகிற பேச்சு சுமார் 60 டெசிபல். தொண்டை கிழியக் கத்தினாலும் 90ஐத் தாண்டுவது கஷ்டம். அப்படியானால் சத்தம் பேச்சைவிடப் பெரிதாக இருக்கிறது. நம் கம்யூனிகேஷன் சார் பாஷையில் சொன்னால் சிக்னலைவிட நாய்ஸ் அதிகம். பரீட்சையில் இந்தக் கணக்கைக் கொடுத்திருந்தால் "செய்தி போய்ச் சேராது" என்று எழுதி மார்க் வாங்கியிருப்போம். ஆனால் அங்கே செய்தி போய்ச் சேருகிறது. ஷிப்டுக்கு ஷிப்டு வேலை நடக்கிறது, நக்கலும் கிண்டலும்கூட நடக்கிறது. எப்படி?

1954இல் சம்பி, பொலாக் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஆட்களை உட்கார வைத்து, இரைச்சலோடு கலந்து வார்த்தைகளைக் கேட்க வைத்தார்கள். ஒரு சாரார் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கலாம். இன்னொரு சாரார் பார்க்கக் கூடாது. இரைச்சல் குறைவாக இருந்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரைச்சலை ஏற்ற ஏற்ற, முகத்தைப் பார்த்தவர்கள் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். முகம் தெரிவதால் கிடைக்கிற லாபம், இரைச்சலைச் சுமார் 15 டெசிபல் வரை குறைத்ததற்குச் சமம் என்று அந்த ஆராய்ச்சியை மேற்கோள் காட்டுகிறவர்கள் கணக்குச் சொல்வார்கள். 15 டெசிபல் என்றால் சத்தத்தின் சக்தியில் முப்பது மடங்கு. ஒரு ஆம்ப்ளிஃபயரும் இல்லாமல், ஒரு ஃபில்டரும் இல்லாமல், எதிரே நிற்கிறவன் வாயைப் பார்த்ததாலேயே கிடைக்கிற லாபம் இது. நம் டிபார்ட்மெண்டில் இப்படி ஒரு சர்க்யூட் செய்திருந்தால் பேட்டண்ட் வாங்கியிருக்கலாம்.

இந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூன்று வார்த்தைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பாடி, மாடி, நாடி.

எங்கள் தொழிற்சாலையில் 'பாடி' என்றால் கார் பாடி செய்கிற இடம். 'மாடி' என்றால் மேலே உள்ள ஆபீஸ். "பாடிக்குப் போ" என்றாலும் "மாடிக்குப் போ" என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது. ஆனால் காதுக்கு அந்த வித்தியாசம் சுலபம். 'ம' மூக்கின் வழியாக முனகிக்கொண்டு வரும். 'ப' வெடித்துக்கொண்டு வரும். மாடி, நாடி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மூக்கொலிதான். இரைச்சலில் காது இவற்றைப் போட்டுக் குழப்பும். ஆனால் கண்ணுக்கு இது ஒரு விஷயமே இல்லை: 'ம'வுக்கு உதடு ஒட்டும், 'ந'வுக்கு ஒட்டாது. அதாவது காது எங்கே தடுமாறுகிறதோ அங்கே கண் தெளிவாக இருக்கிறது. கண் எங்கே குருடோ அங்கே காது கூர்மையாக இருக்கிறது.

1955இல் மில்லர், நைஸ்லி என்ற இருவர் ஆங்கில மெய்யெழுத்துகளை இரைச்சலில் கேட்க வைத்து, எது எதோடு குழம்புகிறது என்று பெரிய அட்டவணை போட்டார்கள். முதலில் அடிபடுவது ஒலி வாயில் எந்த இடத்தில் பிறந்தது என்ற செய்தி. உதட்டிலா, பல்லிலா, தொண்டைப் பக்கமா என்பது முதலில் மறைந்துவிடுகிறது. மூக்கொலியா இல்லையா என்பது மோசமான இரைச்சலிலும் தாக்குப்பிடிக்கிறது. பிறந்த இடம்தானே கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம்! இரைச்சல் எதைத் திருடிக்கொண்டு போகிறதோ, அதையே முகம் திருப்பித் தந்துவிடுகிறது.

இந்தப் பிறப்பிடக் கணக்கெல்லாம் நமக்குப் புதிது இல்லை. தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஒரு பகுதியே இருக்கிறது. 'ப', 'ம' இரண்டும் இதழ் இரண்டும் சேர்வதால் பிறக்கின்றன, 'வ' மேற்பல்லும் இதழும் சேர்வதால் பிறக்கிறது என்று அதில் வரும். பிளஸ் டூவில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோம். அது உதட்டைப் படிப்பதற்கும் இலக்கணம் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் உதட்டை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது. நம்முடைய ல, ள, ழ மூன்றுமே வாய்க்குள் நாக்கு செய்கிற வேலை. வெளியே ஒன்றும் தெரியாது. ர, ற அப்படித்தான், ண, ந, ன அப்படித்தான். சினிமாவில் வருவதுபோல் பைனாகுலரை வைத்துக்கொண்டு வில்லன் பேசுவதை முழுக்கப் படித்துவிடுவதெல்லாம் கதைதான். உதடு பாதி விடைத்தாளைத்தான் காட்டும். மீதியைக் காது தர வேண்டும். காது தராவிட்டால் சந்தர்ப்பத்தை வைத்து மூளை ஊகிக்க வேண்டும்.

இப்போது 1976க்கு வருவோம். இங்கிலாந்தில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் குழந்தைகளைப் பற்றிய ஒரு ஆராய்ச்சிக்காக வீடியோ தயார் செய்தார்கள். ஒரு பெண் ஒன்றைச் சொல்கிற படத்தின் மேல் வேறு ஒலியை ஒட்ட வேண்டியிருந்தது. போட்டுப் பார்த்தால், படத்திலும் இல்லாத, ஒலிநாடாவிலும் இல்லாத மூன்றாவது ஒலி கேட்டது! ஒலி 'பா பா' என்று வருகிறது. உதடு 'கா கா' என்று அசைகிறது. பார்த்துக்கொண்டே கேட்கிறவருக்கு 'தா தா' என்று கேட்கிறது. கண்ணை மூடினால் 'பா பா'. திறந்தால் மறுபடியும் 'தா தா'. மென்மையான உச்சரிப்பில், அதாவது நாம் 'பால்ராஜ்', 'காந்தி' என்று சொல்கிற மாதிரியான ஒலிகளில், பெரியவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு இப்படி ஆயிற்று என்று அந்த வருட டிசம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தலைப்பே "கேட்கும் உதடுகள், பார்க்கும் குரல்கள்" என்கிற பொருளில் இருந்தது.

பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அவ்வளவு வரவில்லை. ஆளுக்கு ஆள், வீடியோவுக்கு வீடியோ மாறுகிறது. ஜப்பானியர்கள் தங்கள் மொழியில் தெளிவாகக் கேட்கும்போது இந்த மயக்கத்துக்கு அவ்வளவாக ஆட்படவில்லை என்று 1991இல் ஒரு ஆராய்ச்சி வந்தது. ஆனால் அடிப்படை விஷயத்தை யாரும் மறுக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இது ஏமாற்று வேலை என்று தெரிந்த பிறகும் ஏமாற்றம் நிற்பதில்லை. மெக்கர்க்கே உட்கார்ந்து கேட்டாலும் அப்படித்தான். கானல் நீர் என்று தெரிந்தால் தாகம் வேண்டுமானால் அடங்கலாம். நீர் தெரிவது நிற்காது.

ஏன் 'தா'? மூளையின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். காது சொல்கிறது, "உதட்டுப் பக்கமிருந்து வந்த மாதிரி இருக்கிறது." கண் சொல்கிறது, "உதடு ஒட்டவே இல்லை சார், நான் பார்த்தேன்." இரண்டு சாட்சியையும் தள்ளிவிட முடியாது. உதடு ஒட்டாமல், காதில் விழுந்ததற்கும் ஓரளவு பொருந்துகிற ஒலி எது? நடுவில் இருக்கிற 'தா'. பஞ்சாயத்து முடிந்தது. கண்ட்ரோல் சிஸ்டம் படித்தவர்களுக்கு இது புதிது இல்லை. இரண்டு சென்சார் இரண்டு அளவு காட்டினால், எது நம்பகமானதோ அதற்கு எடை கூட்டி, மற்றதற்குக் குறைத்து, ஒரு மதிப்பீட்டுக்கு வருவோம். இரைச்சல் கூடினால் மூளை கண்ணுக்கு எடையைக் கூட்டுகிறது. இருட்டினால் காதுக்குக் கூட்டுகிறது. யாரும் நாபைத் திருப்புவதில்லை.

இந்தப் பஞ்சாயத்து நடக்கிற இடம் எது என்றும் ஓரளவு தெரியும். காதுக்குச் சற்று மேலே மூளையின் பக்கவாட்டில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. டாக்டர்கள் அதைச் சுப்பீரியர் டெம்போரல் சல்கஸ் என்பார்கள். பார்வைச் செய்தியும் கேள்விச் செய்தியும் வந்து சேருகிற ஜங்ஷன் அது. நம்ம அரக்கோணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2010இல் அமெரிக்காவில் ஒரு குழு, தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பைக் கொடுத்து இடப்பக்கத்துப் பள்ளத்தை ஒரு கணம் தடுமாற வைத்தது. அந்தக் கணத்தில் 'தா தா' மயக்கம் குறைந்துவிட்டது. அதற்கு முன்பே 1997இல் இன்னொரு ஆச்சரியம் வந்திருந்தது. சத்தமே இல்லாமல் உதடு அசைவதை மட்டும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, கேட்பதற்கான பகுதியும் விழித்துக்கொண்டது. காதில் ஒன்றும் விழவில்லை. ஆனாலும் கேட்கும் இலாகாவில் ஃபைல் நகர்கிறது.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அது என்ஜினியர்களுக்கான தீனி. பேசும்போது வாய் முதலில் அசைகிறது, ஒலி பிறகு வருகிறது. பெரும்பாலும் 100 முதல் 300 மில்லி செகண்ட் வரை வாய் முந்திவிடுகிறது. 'ம' சொல்வதற்கு முன்னால் உதடு மூடியாக வேண்டுமல்லவா? அந்த இடைவெளியில் மூளை, "அடுத்து வருவது ப அல்லது ம" என்று தயாராகிவிடுகிறது. இதனால்தான் ஒலி படத்துக்குப் பின்தங்கினால் நாம் பொறுத்துக்கொள்கிறோம், முந்தினால் பொறுப்பதில்லை. டி.வி. ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரையிலேயே இது இருக்கிறது. ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பின்தங்கினால் 125 வரை கண்டுகொள்வதில்லை. இயற்கையும் அப்படித்தான். ஷெட்டின் அந்தக் கோடியில், 34 மீட்டர் தள்ளி நிற்கிறவர் கத்தினால் குரல் வந்து சேர 100 மில்லி செகண்ட் ஆகும். முகம் உடனே தெரிந்துவிடும். இடிக்கு முன்னால் மின்னல் வருவதைப் பார்த்துப் பழகிய ஜாதி நாம். மின்னலுக்கு முன்னால் இடி வந்தால்தான் பயப்படுவோம்.

டப்பிங்காரர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே தெரியும். ஏ.வி. மெய்யப்பன் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ்க் குரல் கொடுத்து 1944இல் வெளியிட்ட நாளிலிருந்து நம் ஊரில் இந்தக் கலை வளர்ந்து வந்திருக்கிறது. திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் தமிழிலும் ப, ம வருகிற வார்த்தையைத் தேடிப் போடுவார்கள். மற்ற இடத்தில் ஏறக்குறைய இருந்தால் போதும். பார்க்கிறவன் மூளை மீதியைச் சரிக்கட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, இப்போது ஒரகடத்துக்குத் திரும்புகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். கம்பெனி பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம்.

2020இல் ஊரடங்கு முடிந்து தொழிற்சாலைகளை மறுபடியும் திறந்தார்கள். வாசலில் வெப்பமானி, உள்ளே முகக்கவசம், ஆறடி இடைவெளி. அப்போது எங்கள் லைனில் ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார். வாலாஜாபாத் பக்கம். நான் சேர்ந்த புதிதில் டை மாற்றுவதை எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னை எல்லோர் முன்னாலும் சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி என்பார். இருபது வருட சர்வீஸில் ஒரு கரும்புள்ளி கிடையாது. அந்த வருடம் ஜூன், ஜூலையில் திடீரென்று அவர் மேல் புகார் வரத் தொடங்கியது. ஒன்று சொன்னால் ஒன்று செய்கிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு நாள் அழுத்தத்தை "இருவது" கூட்டச் சொன்னதற்கு "அறுவது" கூட்டிவிட்டார். அச்சுக்குச் சேதம் இல்லை, ஆனால் ஆகியிருக்கலாம். "வேண்டுமென்றே உத்தரவை மீறினார்" என்று மெமோ கொடுத்துவிட்டார்கள். சம்பள வெட்டு வரைக்கும் பேச்சு போயிற்று.

அவரிடம் கேட்டேன். "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த மாஸ்க் வந்ததுலேர்ந்து எல்லாரும் முணுமுணுன்னு பேசுறாங்க. முன்னே மாதிரி யாரும் வாயத் தொறந்து பேசுறதில்ல" என்றார்.

அந்த வாக்கியம் என்னை யோசிக்க வைத்தது. 'வாயைத் திறந்து' என்கிறாரே! சில நாள் கழித்துத் தரப் பரிசோதனை கேபினுக்குள் நான் தனியாக இருந்தேன். கண்ணாடிக் கதவு மூடியிருந்தது, மாஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தேன். அவர் வெளியே இருந்தார், இடையில் முழுக் கண்ணாடி. சும்மா சாதாரணக் குரலில், "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்றேன். ஒரு சத்தமும் அவருக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. "ஆச்சு, நீங்க?" என்று பதில் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். பக்கத்தில் நின்று மாஸ்க்கோடு கத்தினால் புரியாதவருக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மாஸ்க் இல்லாமல் பேசினால் புரிகிறது.

இரண்டு நாள் விடுமுறை எடுக்கச் சொல்லி, காதுக்கு ஓய்வு கொடுத்து, காஞ்சிபுரத்தில் ஆடியோகிராம் எடுத்தோம். இதைக் கவனியுங்கள்: ஷிப்டு முடிந்த கையோடு காதைச் சோதித்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து வரும். குறைந்தது 14 மணி நேரமாவது அமைதியில் இருந்துவிட்டுச் சோதிக்க வேண்டும். கேன்டீன் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஜெனரேட்டர் ஓட ஓட எடுக்கிற ஆடியோகிராம் ஃபைலுக்குத்தான் உதவும். அவருடைய வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டு காதிலும் பள்ளம். இரைச்சலால் கெட்ட காதின் கையெழுத்து அது. கீழ் ஸ்தாயி எல்லாம் ஓரளவு நன்றாக இருந்தது. அதனால்தான் 'கேட்கிறது' என்று அவரே நம்பினார். குரல் கேட்கும், யார் பேசுகிறார்கள் என்று தெரியும். ச, த, ட, க, ப என்று மெய்யைப் பிரித்துக் காட்டுகிற மேல் ஸ்தாயி போய்விட்டது. வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதைக் கண் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டியிருக்கிறது. அவருக்கே தெரியாமல், வீட்டுக்கும் தெரியாமல், மேனேஜருக்கும் தெரியாமல். ஒரு துண்டுத் துணி வாயை மறைத்ததும் அந்த ஈடு ஒரே நாளில் அறுந்துவிட்டது.

"இருவது", "அறுவது" கதையும் இப்போது புரிந்துவிட்டது. பின்பாதி இரண்டிலும் ஒரே மாதிரிதான் விழும். முதல் எழுத்தில் 'இ'க்கு வாய் பக்கவாட்டில் விரியும், 'அ'வுக்குத் தாடை இறங்கும். பார்த்தால் ஒரு மைல் தூரத்தில் தெரிகிற வித்தியாசம். பார்க்காவிட்டால் பிரஸ் சத்தத்தில் கரைந்துபோகிற வித்தியாசம்.

ஆடியோகிராமை எடுத்துக்கொண்டு தொழிற்சங்கத்துத் தோழர் ஒருவரும் நானும் மேலே போனோம். ஒரே கூட்டத்தில் முடியவில்லை, மூன்று கூட்டம் ஆயிற்று. "இருபது வருஷமா காது கேக்காமலா வேலை பார்த்தாரு?" என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார், கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார் என்று விளக்க, மேலே சொன்ன பாடி, மாடி, நாடியை அங்கேதான் முதன்முதலில் உபயோகித்தேன். கடைசியில் மெமோவை வாபஸ் வாங்கவில்லை. 'மேல் நடவடிக்கை இல்லை' என்று எழுதி மூடினார்கள். அண்ணனுக்கு அது வருத்தம்தான். கருவி வாங்கி மாட்டிக்கொண்டு, சத்தம் குறைந்த டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றார். மெமோ இன்னும் அந்த ஃபைலில்தான் இருக்கும்.

இதை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் சூப்பர்வைசராக, மேனேஜராக அங்கே நிற்கப் போகிறவர்கள். இரைச்சலால் வரும் செவிக்குறைவு, 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலேயே இடம் பெற்றது. 90 டெசிபலில் எட்டு மணி நேரம், 95இல் நான்கு, 100இல் இரண்டு என்ற வரம்பு நம் தொழிற்சாலை விதிகளில் எழுதப்பட்டது. அமெரிக்காவில் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 85 என்றே பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறினாலே நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. போன காது திரும்பி வராது. உள்காதின் மயிரிழைச் செல்கள் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை.

காதடைப்பான் போட்டால் பேச்சு கேட்காதே என்று பையன்கள் கழற்றி எறிகிறார்கள். நல்ல காது உள்ளவனுக்குப் பெரிய இரைச்சலில் அடைப்பான் பேச்சையும் இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது. விகிதம் மாறுவதில்லை, புரிவது பெரிதாகக் கெடுவதில்லை. கெடுவது வேறு இடத்தில்: அடைப்பான் போட்டவனுக்குத் தன் குரல் தலைக்குள் பெரிதாகக் கேட்பதால் மெதுவாகப் பேசிவிடுகிறான். சத்தத்தில் மனிதன் தானாகவே குரலை உயர்த்துவான் என்பதை லொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911இலேயே எழுதினார். அப்போது குரல் மட்டுமல்ல, வாயசைவும் பெரிதாகிறது. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் தறிச் சத்தத்துக்கு நடுவே பெண்கள் வாயைப் பெரிதாக அசைத்தே ஒரு தனிப் பேச்சை வளர்த்து வைத்திருந்தார்கள். அதற்கு 'மீ-மாயிங்' என்று பெயர்.

எங்கள் லைனில் பிறகு நாங்கள் செய்தது ஒன்றும் பெரிய என்ஜினியரிங் இல்லை. பின்னாலிருந்து கத்தாதே, தோளைத் தொடு, முகத்துக்கு முன்னால் வா, அப்புறம் பேசு. எண் எதுவானாலும் விரலில் காட்டு, அவன் திருப்பிக் காட்டட்டும். பேசுகிறவன் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நாலு விளக்கை இடம் மாற்றினோம். விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று பேசினால் எதிராளிக்கு வாயே தெரியாது, கவனித்திருக்கிறீர்களா? ஒடிசா, பீகார் பையன்கள் எங்களிடம் நிறைய. அவர்களுக்கு உதடு பாதிதான் உதவும், தெரியாத பாஷையின் உதட்டைப் படித்து என்ன செய்வது? விரல் அவர்களுக்கும் புரிந்தது. இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு எலெக்ட்ரீஷியனின் அரை நாள் கூலி.

இன்னும் ஒரே விஷயம். இந்தச் சேர்க்கை பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை. ஆனால் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. நாலைந்து மாதக் குழந்தை, கேட்கிற ஒலிக்குப் பொருந்துகிற வாயசைவு உள்ள முகத்தைத் தேடிப் பார்க்கிறது என்று 1982இல் காட்டினார்கள். எட்டு மாத வாக்கில் குழந்தையின் பார்வை அம்மாவின் கண்ணிலிருந்து வாய்க்கு இறங்குகிறது. மழலை தொடங்குகிற காலம் அது. செவிடாகப் பிறந்து காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளிடம் மெக்கர்க் சோதனையை 2005இல் செய்து பார்த்தார்கள். இரண்டரை வயதுக்குள் கருவி பொருத்தப்பட்டவர்கள் பலர் கண்ணையும் காதையும் சேர்த்துக்கொண்டார்கள். பிந்தியவர்களில் பெரும்பாலோர் சேர்க்கவில்லை, உதட்டையே நம்பினார்கள். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். ஆறு என்பது கடைசி எல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே கைக்குழந்தையோடு வந்திருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "பையன் லேட்டா பேசுவான், அவங்க தாத்தாவும் அப்படித்தான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். அந்த மாதமே காதைச் சோதியுங்கள்.

இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் எனக்காக ஒரு வீடியோ தயார் செய்திருக்கிறார்கள். முகம் ஒருத்தருடையது, குரல் இன்னொருத்தருடையது. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு எலெக்ட்ரானிக்ஸ் லேபில் போட்டுக் காட்டுவார்கள். ஒரு தடவை கண்ணைத் திறந்து, ஒரு தடவை மூடிக் கேளுங்கள். 'தா' கேட்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், அப்படியும் ஆட்கள் உண்டு. ஒரு நேரத்தில் பதினைந்து பேர்தான் உட்கார முடியும், மூத்த பேட்ச்காரர்கள் முதலில் போகட்டும்.